இரு பெட்டிகளுக்கு நடுவே

1977ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதன் பின்னர், கரையோரக் கிராமங்களை வந்தடைந்த புதுமைகளுள் கசற் இயந்திரம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வானொலி அதற்கு முன்னரே வந்திருந்தது. ஆயின் அது தான் விரும்பியதைத் தான் விரும்பிய வேளையிற் பாடும். கசற் அவ்வாறன்று. அதிற் பாட்டும் கேட்கலாம், பேச்சையும் பதியலாம். புத்தளம் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்களுட் பலர், கடிதத்திற்குப் பதிலாகத் தம் குரலையே நாடாவிற் பதிந்து அனுப்பினர். எழுத்தறியாத தாயும் தன் பிள்ளைக்கு ஒரு மணி நேரக் கடிதம் வரையக்கூடிய காலம் அது.

எண்பதுகளின் நடுப்பகுதியில், கற்பிட்டித் தீபகற்பத்துக் கரையூர் ஒன்றில், உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயின்ற இளைஞன் ஒருவனுக்கு ஸ்ரீரியோவில் ஆசை பிறந்தது. குவைத்திலிருந்து அவன் உம்மா அனுப்பிய பணத்தின் பெரும்பகுதி, கிடுகுக் கூரையை ஓட்டுக் கூரையாக மாற்றுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. எஞ்சியதில் அவன் கைக்கு எட்டிய தொகை, கடைகளில் விற்ற ஒற்றைப் பெட்டி இயந்திரத்தின் விலையிற் பாதிகூட இல்லை. வீட்டிலோ மின்சாரமும் இல்லை.

"ஒழுகுற ஊட்டுக்குள்ள பாட்டு என்னத்துக்கு மகன்?" என்று உம்மும்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அவனிடம் விடை இருக்கவில்லை. கணக்கு மட்டுமே இருந்தது.

பழுதான வேனொன்றிலிருந்து கழற்றிய கசற் இயந்திரம் ஒன்று நகரத்துத் திருத்தகத்தில் மலிவாகக் கிடைத்தது. வாகனத்திற்கென ஆக்கப்பட்டமையால் அது 12 வோல்ற் பற்றரியில் இயங்கும். விரியலாக்கியும் அதனுள்ளேயே அமைந்திருந்தது. முதன்முதலாக ஸ்ரீரியோ அமைப்போர் பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்திற்றான். முகப்பில் எத்தனை வாற் என அச்சிட்டிருப்பினும், 12 வோல்ற்றைக் கொண்டு 4 ஓம் ஒலிபெருக்கியை இயக்கும் சாதாரண விரியலாக்கி, 4½ வாற்றுக்கு மேல் சிதையாத ஒலியைத் தர இயலாது. 8 ஓம் ஆயின் அதிற் பாதி. எவரும் தாளிற் கணித்தறியக்கூடிய உண்மை இது. மேலும், வலுவை இருமடங்காக்கினும் ஒலிமட்டம் 3 டெசிபெல் மாத்திரமே உயரும். ஆகவே, ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தொலைவில் 87 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியை விடுத்து 90 டெசிபெல் தருவதைத் தெரிவுசெய்தல், இருமடங்கு வலுவுள்ள விரியலாக்கியை வாங்குதற்குச் சமமாகும். கையிலிருந்த பணத்திற் பாதிக்கு மேல் அவன் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கே கொடுத்தான். மின்னும் முகப்புக்குப் பணத்தைச் செலவிட்டுவிட்டு, எஞ்சிய சில்லறைக்கு ஒலிபெருக்கி தேடுவோர் இன்றும் குறைந்தாரல்லர்.

பற்றரி, லொறியொன்றிலிருந்து கழிக்கப்பட்டது, 40 அம்பியர்-மணி. பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் விரைவிற் கெடும். ஓர் அம்பியர் வீதம் 20 மணி நேரம். இரவுக்கு இரண்டு மணி எனின் பத்து இரவுகள். அதன்பின் மின்னேற்றுவதற்குச் சைக்கிளில் நகரம் செல்ல வேண்டும்.

இனிப் பெட்டி. ஒலிபெருக்கியின் கூம்பு முன்புறத்துக் காற்றை நெருக்கும்போது பின்புறத்துக் காற்றைத் தளர்த்துகிறது. இவ்விரு அலைகளும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழிப்பதனால், பெட்டியற்ற ஒலிபெருக்கியிற் கீழ்ச் சுரங்கள் எழா. மட்பானையின் வாயில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்துக் கேட்கும் நாட்டு வழக்கம், இவ்வகையில், விளையாட்டன்று; பின்னலையைச் சிறைப்படுத்தும் செவ்விய பௌதிகம். அவனும் பானையிலேயே தொடங்கினான். பின்னர், தச்சுத் தொழில் செய்த மாமா பலாப்பலகைத் துண்டுகள் தந்தார். வீணையும் மிருதங்கமும் பலாவிற்றானே பிறக்கின்றன என்பது மாமாவின் வாதம். ஆயின் இசைக்கருவியின் மரம் அதிரவேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியின் மரமோ அதிரலாகாது. குறுக்குச் சட்டங்கள் அறைந்து அவன் அம்மரத்தை ஊமையாக்கினான். மாமாவுக்கு அது மனவருத்தமே.

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கற்பிட்டியில் உப்புப் படியாத பொருளில்லை. முறுக்கிக் கட்டிய செப்புக் கம்பி சில வாரங்களிற் பச்சை பூத்துக் கரகரக்கும். ஆதலால் இணைப்புகள் யாவற்றையும் ஈயப்பற்று வைத்து, மெழுகும் பூசினான். கம்பிகளின் நேர், மறை முனைகள் இரு பெட்டிகளிலும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மாறினும் ஒரு கூம்பு முன்வரும்போது மற்றையது பின்வாங்கும், கீழ்ச் சுரம் மறையும். டோர்ச் பற்றரி ஒன்றை முனைகளிற் கணநேரம் தொடுத்து, கூம்பு எத்திசையில் அசைகிறது என்று பார்த்தாற் போதும். செலவில்லாத இச்சோதனையே அமைப்பு முழுவதிலும் பெறுமதி மிக்கது.

முதலில் ஒலித்தது 1978இல் வெளிவந்த 'பிரியா' படத்துப் பாடல்கள். ஸ்ரீரியோ முறையிற் பதிவானவை அவை. இடப்பெட்டியிலும் வலப்பெட்டியிலும் வெவ்வேறு வாத்தியங்கள் எழுந்தன. ஆனால் ஸ்ரீரியோ ஒருவகையில் தன்னலமிக்க கருவி. இரு பெட்டிகளும் கேட்போனும் சமபக்க முக்கோணமாய் அமைந்தாலன்றி அதன் முழுப்பயன் கிட்டாது. எட்டுப் பேர் கூடியிருக்கும் வீட்டில் அவ்வுச்சிப் புள்ளி ஒருவருக்கே உரியது. அன்று அவ்விடத்தில் உம்மும்மாவின் பாய் கிடந்தது. எழும்பச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. பாட்டை அவர் பொருட்படுத்தவுமில்லை.

பின்னர் உம்மாவின் நாடாவை இட்டான். ஒற்றை ஒலிவாங்கியிற் பதிவான குரல் அது. இரு பெட்டிகளிலும் சிறிதும் வேறுபாடின்றி ஒலித்தது. அவ்வாறு ஒலிக்கையில், நடுவே இருப்பவரின் இரு செவிகளையும் ஒலி ஒரே கணத்தில் ஒரே அளவில் அடைவதால், அது எப்பெட்டியிலிருந்தும் வருவதாகத் தோன்றாது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெறுமையிலிருந்து வருவதாகவே தோன்றும். உம்மும்மா இடப்புறம் நோக்கினார், வலப்புறம் நோக்கினார், பிறகு, பெட்டிகளுக்கு நடுவே சுவரோரம் இருந்த தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் விரல் நீட்டி, "இந்தா, இதுலதான் இரிக்கிறா" என்றார்.

அவன் விளக்க முற்பட்டான். அவர் கையமர்த்தி, நாடாவை மீண்டும் போடச் சொன்னார். குடம் அன்றிரவே அடுப்படிக்கு இடம் மாறியது.

பத்து இரவுகளுக்கெனக் கணித்த பற்றரி ஏழாம் இரவிலேயே தீர்ந்தது. மறுநாட் காலை அதைச் சைக்கிளின் பின்புறம் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அவனிடம், மின்னேற்றும் கூலியை முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தவர் உம்மும்மா.