நீலம் வந்த வாரம்

சர்க்கரைக்கு மருந்து தொடங்கிப் பதினேழாம் நாள் காலையில் மெய்ப்பில் புள்ளிகள் மறைந்துபோயின. 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. துணைக்காலா ரகரமா என்பதைச் சொல்லின் பொருளை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. 26 வருடமாக மெய்ப்புத் திருத்தி, புள்ளி பார்த்துச் சாப்பிடுகிறவன் நான். கண்ணாடியைத் துடைத்தேன், மேசை விளக்கைக் கிட்டே இழுத்தேன். பயனில்லை.

உடம்பு தேறிக்கொண்டிருந்த நேரம் அது. வெறும் வயிற்றில் 312 இருந்த சர்க்கரை 134க்கு வந்திருந்தது. இரவில் நாலு முறை எழுந்தது ஒன்றாகக் குறைந்தது, தாகம் போனது. ஒருநாள் முற்பகலில் மட்டும் கை நடுங்கி, நெஞ்சு படபடத்தது. சர்க்கரை தாழ்ந்துவிட்டதென்று பயந்து விரலில் குத்திப் பார்த்தால் 128. முந்நூறிலேயே பழகிய உடம்புக்கு இதுவே பள்ளமாகத் தெரியும், சில வாரத்தில் பழகிவிடும் என்றார் டாக்டர். அதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் 312 இருந்த நாட்களில் பொடியெழுத்தெல்லாம் படித்த கண், 134இல் ஏன் மங்க வேண்டும்?

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார். பழுதில்லை. படிக்கிற கண்ணாடியின் பவர் மட்டும் 1.75இலிருந்து 3க்குப் போயிருந்தது. "இப்ப கண்ணாடி மாத்தாதீங்க. ஆறு, எட்டு வாரம் போகட்டும், சுகர் ஒரு நிலைக்கு வந்தப்புறம் பார்ப்போம்" என்றார்.

காரணத்தையும் சொன்னார். கண்ணின் லென்ஸுக்குள் சர்க்கரை புக இன்சுலின் தேவையில்லை; ரத்தத்தில் ஏறினால் அதிலும் ஏறிவிடும். உள்ளே போனதில் ஒரு பங்கு சார்பிடால் என்ற பொருளாக மாறுகிறது. அது எளிதில் வெளியேறாது. மருந்தால் ரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது லென்ஸ் பின்தங்கிவிடுகிறது. நீரை இழுத்துக்கொள்கிறது, ஒளியை வளைக்கும் திறன் மாறுகிறது. ரத்தக் குழாயே இல்லாத உறுப்பு அது. ஆயுள் முழுக்கப் புதிய இழைகளைச் சேர்த்துக்கொண்டே போகும், பழையதை உதிர்ப்பதில்லை. அம்மாவின் வயிற்றில் இருந்தபோது உருவான நடுப்பகுதி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது என்று தெரிந்தபோது சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரண் பெட்டியிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்தேன்.

1979இல் அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வீட்டிலேயே தினமும் சிறுநீர் சோதிக்கப் பழகிக்கொண்டார். டெஸ்ட் டியூபில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், மைஃபில்லரால் எட்டுச் சொட்டு, பிறகு ஸ்பிரிட் விளக்கில் ஆட்டி ஆட்டிக் கொதிக்க வைப்பார். டியூபைத் துணிக் கிளிப்பால் பிடித்திருப்பார். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் முடியும். ரத்தத்தில் ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும் என்பதால், நீலம் என்பது நல்ல செய்தி. நிறம் தெரிந்ததும் நோட்டில் பென்சிலால் ஓரெழுத்து எழுதுவார்: செ, ஆ, ம, ப, நீ.

முதல் பக்கம் முழுக்கச் 'செ'. எறும்பு அளவு எழுத்து, கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை தொடங்கிய பிறகு 'ம', 'ப'. மூன்றாம் வாரம் முதல் 'நீ'. அந்த 'நீ' பெரிதாக இருக்கிறது. இரண்டு கோட்டை மிதித்து நிற்கிறது. மறுநாள் அதைவிடப் பெரிது. நீலம் வந்த வாரத்திலேயே அப்பாவின் கண் மங்கியிருக்கிறது.

அவரிடம் பொறுத்திருக்கச் சொல்ல யாருமில்லை. அதே வாரம் கடைக்குப் போனார். பழைய ஃப்ரேமிலேயே புது லென்ஸ் போட்டுக்கொண்டார், பழைய லென்ஸ் போனது. இரண்டு மாதத்தில் புதுக்கண்ணாடி ஒத்துவரவில்லை. பேப்பரை மூக்கருகே கொண்டுபோனால்தான் எழுத்து தெரிந்தது, தலைவலியும் வந்தது. கண் அதற்குள் தன் நிலைக்குத் திரும்பியிருக்கும். அவரோ சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினார். இன்னொரு கண்ணாடிக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. "நீ படிடா, நான் கேக்குறேன்" என்று பேப்பரை என்னிடம் நீட்டினார். திண்ணையில் தினமும் படித்தேன். ஒற்றெழுத்தை விழுங்கினால் விரலால் தட்டி நிறுத்துவார். எனக்கு இந்தத் தொழில் அங்கிருந்துதான் வந்தது. அவர் அதற்குப்பின் தானாக ஒரு புத்தகமும் படிக்கவில்லை. ஆறு வாரம் பொறுங்கள் என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

நேற்றோடு எனக்கு ஆறு வாரம். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டின் முதல் பக்கத்தை ஜன்னலோரம் பிடித்தேன். முதல் நாள் எழுத்து, பென்சிலில், பொடியாக. ஒற்றைக்கொம்புதான். தெளிவாகத் தெரிந்தது.