கியா பார்மில் ஓர் அட்டைக் கதை

கேமரன் மலைக்கு வருகிறவர்களில் பலர் கியா பார்ம் சந்தையில் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து பிரியும் குறுகிய மலைச்சாலையில் சற்று ஏறிப் பாருங்கள். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கடந்து போனால், 2,000 மீட்டர் உயரத்தில் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடு! மரமும் வேரும் பாறையும் பச்சைப் பாசியைப் போர்த்திக் கிடக்கும். தரை பஞ்சு மெத்தைபோல் அமுங்கும்.

ஒருமுறை என் மாணவர்களோடு அங்கே போயிருந்தேன். “சார், இந்தச் சேற்றில் ராட்சச அட்டை இருக்குமா?” என்றான் ஒருவன். முந்தின இரவு பார்த்த படத்தின் பயம் அவனுக்கு இன்னும் தெளியவில்லை.

‘அட்டாக் ஆப் தி ஜயண்ட் லீச்சஸ்’ என்ற அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 1959இல் வந்தது. இயக்கியவர் பெர்னார்ட் கோவால்ஸ்கி. ஓடுவது 62 நிமிடம்தான். அமெரிக்காவின் புளோரிடா சதுப்பு நிலத்தில் ஆளுயர அட்டைகள் மனிதரை நீரடிக் குகைக்கு இழுத்துப்போய், சிறுகச் சிறுக இரத்தம் குடிக்கும். கடைசியில் வெடிவைத்து அவற்றை அழிப்பார்கள். சிக்கனச் செலவில் எடுத்த படம். அட்டை வேடத்துக்குள் ஆள் இருப்பது நமக்கே தெரியும். சிரிப்புத்தான் வரும். ஆனாலும் ஓரிடத்தில் நான் சிரிக்கவில்லை. ராக்கெட் தளத்துக் கதிர்வீச்சால் அட்டைகள் இப்படிப் பெருத்திருக்கலாம் என்கிறது கதை. அப்படியானால், பூதத்தை வளர்த்தவன் மனிதன்தானே?

நம் காட்டு அட்டை விரல் நீளங்கூட இராது. மலாய்க்காரர்கள் ‘பாச்சாட்’ என்பார்கள். புகையிலைத் தண்ணீர், சுண்ணாம்பு, சவர்க்காரம் என்று தோட்டத்துப் பாட்டிமார் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். கடிப்பதே தெரியாது. அதன் எச்சிலில் உள்ள ஒரு பொருள் இரத்தத்தை உறைய விடாது. அதனால்தான் கடிவாய் கசிந்துகொண்டே இருக்கிறது. வயிறு நிறைந்ததும் தானாக விழுந்துவிடும். அதற்குப் பேராசை கிடையாது!

உயிர் குடித்த சேறு வேறு. மழைநீரைப் பஞ்சாய்ப் பிடித்துவைத்து, ஆறுகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது இந்த மலைக்காடு. சரிவுகளை மொட்டையடித்தால் மண் கரைந்து ஆற்றோடு போய், 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் படிகிறது. 2013 அக்டோபர் 23, நள்ளிரவுக்குப் பின், கனமழையில் அந்த அணை திறக்கப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் மீது சேற்று வெள்ளம் பாய்ந்தது. உயிர்கள் போயின; வீடுகள் போயின.

என் பள்ளிக்கும் ஆற்றோர வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அடைமழை பெய்த மறுநாள் காலையில், பாடம் தொடங்குமுன் அவர்களைத்தான் முதலில் எண்ணுகிறேன்.

“ராட்சச அட்டை இல்லையப்பா. இந்தச் சின்ன அட்டை இருக்கும்வரை காட்டில் ஈரம் இருக்கிறதென்று அர்த்தம்” என்றேன் மாணவனிடம். நீங்களும் வாருங்கள். மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், பாசியைப் பிய்க்காதீர்கள். அட்டை கடித்தால், ஒரு சொட்டு இரத்தந்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்!