கரிமணலில் இரும்பு தேடுவோர்

2020 நவம்பரில் நிவர் புயல் கடந்த பின்பு ஆந்திரத்து உப்பாடா கடற்கரையில் பொன்மணிகள் ஒதுங்குகின்றன என்ற செய்தி பரவி, ஊரே திரண்டு மணலைத் துழாவியதையும், மேல்நாடுகளில் கோடைக் கூட்டம் கலைந்தபின் ஆளரவமற்ற கடலோரங்களில் உலோகங்காட்டும் கருவியை ஏந்தி மோதிரமும் நாணயமும் தேடுவோர் உண்டென்பதையும் நான் வியந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, வார்ப்படத் தொழிலிலேயே மூப்பெய்திய அம்பத்தூர் நண்பர், "மணலில் உலோகம் தேடுகிறவர்களைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் எஸ்டேட்டுக்கு வாருங்கள்" என்றார்.

தொழிற்பேட்டையின் ஓரத்தில், பவுண்டரிகள் கழித்த மணல் கறுத்த குன்றாகக் குவிந்திருந்தது. களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்து அச்சுக்குப் பயன்பட்டு, சாரம் கெட்டபின் வெளியே கொட்டப்படும் அம்மணலில், வார்க்கும்போது தெறித்த துளிகளும் வழிந்து உறைந்த சிம்புகளும் புதைந்து கிடக்கின்றன.  

அங்கே ஓர் அம்மையார், உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தைப் பாலிதீன் உறையிலிட்டுக் கயிற்றில் கட்டி, மணல்மேல் மெதுவாக இழுத்துச் சென்றார். சிறிது தூரம் சென்றதும் சாக்கின்மேல் பிடித்து, காந்தத்தை உறையினின்று மேலே உருவ, ஒட்டியிருந்த இரும்பெல்லாம் சரசரவென்று உதிர்ந்தது. உறையில்லாவிடில் பொடியிரும்பைக் காந்தத்தினின்று சுரண்டி எடுப்பதிலேயே பொழுது போய்விடும். எவ்வளவு எளிய யுக்தி! மேல்நாட்டுக் கருவியின் மின்சுருள் பொன், வெள்ளி, செம்பு யாவற்றையும் ஒலியால் உணர்த்தும். இக்காந்தம் இரும்பினத்தையன்றிப் பிறிதொன்றையும் இழுக்காது. ஆதலால் பித்தளைத் துணுக்கை அவர் கண்ணாலேயே கண்டெடுக்கிறார். சூடு தணியாத மணலில் காந்தத்தின் பிடி தளரும் என்பதும் அவர் அனுபவத்தில் அறிந்ததே.

"மழைக்காலத்துல எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"அப்பத்தான் சார் கஷ்டம். ஈர மண்ணு இரும்போட அப்பிக்கினு வரும். காயலாங்கடைக்காரரு அதச் சொல்லியே எடையில இன்னும் கழிச்சுடுவாரு."

அவர் கணவர் இத்தகைய மணலையே பவுண்டரிக்குள் சுமந்தவர். ஒப்பந்தக் கூலியாதலால் பதிவேட்டில் பெயரில்லை. ஆண்டுக்கணக்கில் இருமி, மூச்சு முட்டி இறந்தார். நோயின் பெயரை அம்மையாருக்கு எவரும் சொல்லவில்லை. நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ், தீர்க்க முடியாத வியாதி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அட்டவணையில் சேர்த்தது. சட்டம் மதிலுக்குள் இருந்தவரையே காக்கவில்லையெனில், மதிலுக்கு வெளியே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அதே தூசியில் உழைக்கும் இவரைக் காப்பவர் யார்?

காயலாங்கடைக்கு உடன் சென்றேன். வெயிலில் உலர்த்தி, உதறி, சலித்துக் கொண்டுவந்த சரக்குக்கும் பத்துக் கிலோவுக்கு இரண்டு கிலோ 'மண் கழிவு' என்று கழித்தார்கள். தராசின் எண்கள் கடைக்காரர் பக்கம் திரும்பியிருந்தன. அவ்விரும்பு பெரிய வியாபாரி கைமாறி மீண்டும் உலைக்கே போகிறது. ஒவ்வொரு கையிலும் லாபம் தங்குகிறது. தூசி மட்டுமே முதலில் எடுத்தவளிடம் தங்குகிறது. சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று காங்கிரஸ் மகாசபை 1955இல் தீர்மானித்த ஆவடி, இக்கடையிலிருந்து சில மைல் தூரந்தான்.

இந்நிலையை மாற்றப் பெருந்தனம் எதுவும் தேவையில்லை. எடையளவைச் சட்டத்தை நிறைவேற்றும் தொழிலாளர் துறையினர் இக்கடைகளின் தராசுகளில் முத்திரை உள்ளதா, எண்கள் விற்பவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று வந்து பார்க்கட்டும். பவுண்டரி உரிமையாளர்கள் கழிவு மணலை வீதியோரம் கொட்டுவதை நிறுத்தி, இவரைப் போன்ற பெண்களையே கூலிக்கு அமர்த்தி, முகக்கவசமும் கையுறையும் தந்து, தங்கள் வளாகத்திலேயே இரும்பைப் பிரித்தெடுக்கட்டும். பிரித்த இரும்பு அவர்கள் உலைக்கே பயன்படும்.