வாளியைச் சோதிக்க வரவில்லை

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய தெரு. வீட்டுக்குப் பின்னால் பழைய உறைகிணறு, முன்வாசலில் போர்வெல். தண்ணீர் மாதிரி எடுக்க வந்த ஆய்வக ஊழியரோடு நானும் தொற்றிக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா டிடிஎஸ் மீட்டரோடு காத்திருந்தார். "போர்ல 1,400 காட்டுது தம்பி. கிணத்துல 520தான். தண்ணி கல்கண்டு!"

ஊழியர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னார். குழாயில் தேங்கியது வெளியேற ஐந்து நிமிடம் தண்ணீர் ஓடியது. உப்பு பார்க்கும் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசினார். கிருமி பார்க்கும் கண்ணாடிப் புட்டியை அலசவே இல்லை; ஆய்வகத்திலேயே கிருமி நீக்கி, மூடிக்குக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்தது அது. பித்தளைக் குழாயாக இருந்ததால் ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்தி அதன் வாயைச் சுட்டார். "இப்ப எல்லா வீட்லயும் பிளாஸ்டிக் குழாய் சார். நெருப்பு காட்டினா உருகிடும்."

கிணற்றடியில்தான் அவருடைய பொறுமை தெரிந்தது. வேறொரு புட்டியின் அடியில் கல்லைக் கட்டி, உறையில் உரசாமல் கயிற்றை விரல் விரலாக விட்டார். உரசினால் சுவரின் அழுக்கும் சேர்ந்து வந்துவிடும். வாளியில் மொண்டு தரட்டுமா என்றார் அம்மா.

"வாளியைச் சோதிக்க வரலம்மா."

குமிழிகள் அடங்கியதும் மேலே தூக்கி, குலுக்க இடம் இருக்கும்படி கொஞ்சம் கொட்டிவிட்டு மூடினார். புட்டி ஐஸ் பெட்டிக்குள் போனது. பிறகு கிணற்றிலிருந்து மதில் ஓரத்து சிமென்ட் மூடிவரை காலடி வைத்து அளந்தார். 12 அடி. எதற்கென்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆய்வகத்தில் ஓர் அக்கா போர் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்தார். குடுவையில் 50 மில்லி, அடியில் வெள்ளை ஓடு. பியூரெட்டிலிருந்து இடிடிஏ கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்க, திராட்சைச் சிவப்பு ஊதாவாகத் தயங்கி, ஒரே சொட்டில் நீலமானது. அந்தச் சொட்டைப் பிடிப்பதுதான் கைப்பழக்கம். ஒன்று கூடினால் கணக்கும் கூடிவிடும். 32 மில்லி, இருபதால் பெருக்கினால் லிட்டருக்கு 640 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது, ஹீட்டரில் வெள்ளை படியும். அம்மா போரைக் கரித்துக்கொட்டியதில் தப்பில்லை.

ஆனால் மீட்டர் அளப்பது கரைந்த உப்பை. கிருமி அதன் கண்ணில் படாது. கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் 70. வரம்பு 45, இதில் சலுகையே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக்கு வைத்த குப்பி மறுநாள் மையாகக் கறுத்திருந்தது. மலக்கழிவு கலந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம் அது. போர் தண்ணீரின் குப்பி நிறம் மாறவில்லை.

மாதிரி எடுத்த ஊழியர் வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டார். முடிவைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்டார்: "மதில் ஓரத்துல இருக்கே, அந்த செப்டிக் டேங்க்... அது எப்பம்மா கட்டினது?"