மூன்று விரல்

ஒண்டாரியோவில் வைத்தியம் பார்க்கிற இடத்தில் ஒருவர் தன்னை ‘டாக்டர்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அவர் ஆங்கில மருத்துவராகவோ, பல் மருத்துவராகவோ, கண் பரிசோதகராகவோ, கைரோபிராக்டராகவோ, உளவியலாளராகவோ இருக்க வேண்டும். நேச்சுரோபதிக்காரர் என்றால் பெயருக்குப் பின்னால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். 1991ஆம் வருடத்துச் சட்டம் அப்படிச் சொல்கிறது. படித்தபோது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் வரவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்த கிழவிகள் யாரும் என்னை டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. “ராத்திரி பூரா கண்ணடைக்கல தாயி, காலு கெடந்து கொடையுது” என்பார்கள். தாயிதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பட்டம் போனால் போகட்டும்.

அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அதுதான் உறைத்தது. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். உன் உபாதைக்கு இன்ன நோய்தான் காரணம் என்று நோயாளியிடம் எடுத்துச் சொல்வது அதில் முதலாவது. கத்தி வைப்பதும் ஊசி போடுவதும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

நான் படித்தது சித்த மருத்துவம். பயிற்சி மருத்துவர் ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது; பட்டம் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். உடற்கூறியலும் உடலியங்கியலும் படித்தோம், குணபாடமும் நோய்நாடலும் நஞ்சு நூலும் வர்மமும் படித்தோம். இதையெல்லாம் சொல்லிப் பட்டத்தை மதிப்பிடக் கொடுத்தால், இளங்கலைப் பட்டத்துக்குச் சமம் என்று ஒரு காகிதம் வந்தது. எதில் இளங்கலை என்று கேட்கிற யாரும் இந்த ஊரில் இல்லை என்பதால் அது ஒரு குறையாகவும் இல்லை. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் முதியோர் பராமரிப்பு உதவியாளர் படிப்பில் சேர்ந்தேன். இப்போது ஸ்கார்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சோறூட்டுவது, காலையில் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்த்துக் குறித்து வைப்பது.

துடிப்பைத்தான் சொல்கிறேன். அதை எண்ண எனக்கு அனுமதி உண்டு. நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிக் கட்டத்தில் நிரப்பலாம். ஆனால் மணிக்கட்டைப் பிடித்ததும் மூன்று விரலும் தாமாகப் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஒன்று, அரை, கால் என்ற மாத்திரையில் அவை நடக்க வேண்டும். வாதம் அன்னமும் மயிலும் போல, பித்தம் ஆமையும் அட்டையும் போல, கபம் பாம்பும் தவளையும் போல என்று மனப்பாடம் பண்ணியபோது விடுதியில் சிரித்திருக்கிறோம். நூறு கைகளாவது பிடித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஒரு விரலை மட்டும் அழுத்தி, மற்ற இரண்டையும் தளர்த்தி, பிறகு மாற்றி, கண்ணை மூடாமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டும் என்பார் எங்கள் பேராசிரியர் அம்மா. கண்ணை மூடினால் பயந்துவிடுவார்கள், பயந்தால் நாடி மாறிவிடும்.

எனக்கு ஏக்கம் என்று வருவது அந்தக் காலை நேரத்துக்குத்தான். புறநோயாளிப் பிரிவு திறக்கும் முன்பே நெய்க்குறி பார்க்கச் சீட்டு வாங்கியவர்கள் விடியற்காலைச் சிறுநீரோடு வந்திருப்பார்கள். அகலக் கிண்ணத்தில் ஊற்றி, காற்றுப் படாத இடத்தில் வெயில் விழும்படி வைத்து, ஒரு துளி நல்லெண்ணெய் விட வேண்டும். விடுவதில்தான் இருக்கிறது எல்லாம். கிண்ணம் ஆடக்கூடாது, துளி உயரத்திலிருந்து விழக்கூடாது. எண்ணெய் பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். பிறகு நாக்கு, நிறம், விழி, குரல் எல்லாம் பார்த்து, “ஒங்களுக்கு வாதம் ஏறி நிக்கி, புளியக் கொறைங்க” என்று சொல்லி முடிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். மருந்து பிறகுதான் வேலை செய்யும். பெயர் தெரிந்ததும் பாதி ஆறுதல்.

அந்தப் பெயரைச் சொல்லும் உரிமை இங்கே மற்றவர்களுக்கு எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். சீன வைத்தியர்களுக்கு 2006இல் தனிச் சட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் அவர்களுடைய ஒழுங்குமுறைக் கல்லூரி வேலையைத் தொடங்கியது. கல்லூரி என்றால் பாடம் நடத்துகிற இடமல்ல, நம் ஊர் மருத்துவக் கவுன்சில் மாதிரி. சீன மருத்துவ முறைப்படி கண்டுபிடித்த நோயை அந்த முறையின் பெயரிலேயே சொல்லலாம் என்று சட்டம் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர்களும் மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பவர்கள்தான். ஹோமியோபதிக்கான ஒழுங்குமுறைக் கல்லூரி 2015 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது, நேச்சுரோபதிக்கானது அதே வருடம் ஜூலையில். நேச்சுரோபதிக்கு வட அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள், தெரிந்ததை மதிப்பிடுங்கள் என்று விண்ணப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் காகிதம், பிறகு தேர்வு, பிறகு செய்து காட்ட வேண்டும். கடினமான வழி, செலவும் உண்டு. ஆனாலும் வழி. இந்த மண்ணின் பூர்வகுடி வைத்தியர்கள் தங்கள் மக்களுக்குச் செய்யும் வைத்தியத்துக்குச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது, அது நியாயமும்கூட.

சித்தத்துக்கு ஒன்றும் இல்லை. என் விண்ணப்பத்தை யாரும் நிராகரிக்கவில்லை. நிராகரிப்பதற்குக்கூட ஓர் அலுவலகம் வேண்டும் அல்லவா? ஆயுர்வேதக்காரர்களுக்கும் இதே கதிதான். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்துக்குள் சித்தமும் அடங்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சித்தம் படிக்கலாம். மலேசியா 2016இல் பாரம்பரிய மருத்துவத்துக்குச் சட்டம் போட்டு, இந்திய மருத்துவத்தையும் அதில் சேர்த்துக்கொண்டது. இத்தனை தமிழர் வாழும் ஸ்கார்பரோவில், கடைத் தட்டில் நிலவேம்புப் பொடி இருக்கிறது, திப்பிலி இருக்கிறது, கடுக்காய் இருக்கிறது. எதை யாருக்கு எவ்வளவு என்று சொல்ல முறைப்படி ஓர் ஆள் இல்லை.

ஒரு விலக்கு எனக்கும் உண்டு. ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு நோயைச் சொல்லலாம். ஆக, இந்த மாகாணத்தில் என் சட்டபூர்வமான நோயாளி ஒரே ஒருவர், என் வீட்டுக்காரர். பித்த உடம்பு. பத்தியம் என்று சொன்ன அன்றைக்குத்தான் டிம் ஹார்ட்டன்ஸில் இரண்டு காபி குடிப்பார்.

முதியோர் இல்லத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு காலை கையைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். “என்ன பிள்ளை கணக்குப் பாக்கிறாய்?” என்றார்.

“எழுபத்தாறு அம்மா. நல்லா இருக்கு.”

“அது மெசினும் சொல்லும். நீ மூண்டு விரல் வச்சுப் பிடிக்கிறாய், நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். எங்கட பரியாரியாரும் உப்பிடித்தான் பிடிப்பார். வாதமோ பித்தமோ எண்டு சொல்லன்.”

“நான் இங்க அதைச் சொல்லக்கூடாது அம்மா.”

“ஆர் சொன்னது?”

சட்டத்தைப் பற்றி அவரிடம் என்ன விளக்குவது? நர்ஸிடம் சொல்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, கையை இழுத்துக்கொண்டார். நான் தாளில் எழுபத்தாறு என்று எழுதினேன். உண்மையில் கபம் ஓங்கி, தவளை மாதிரி தத்திக்கொண்டிருந்தது. மூச்சைக் கவனியுங்கள் என்று நர்ஸிடம் சொன்னேன். நாடியைச் சொல்லவில்லை, இருமல் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் நல்ல பெண், உடனே போய் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாள்.

இதையெல்லாம் வைத்து இந்த நாட்டின் மீது பழி போட எனக்கு மனமில்லை. எங்கள் மருந்துகளில் ரசமும் கந்தகமும் ஈயமும் உண்டு. சுத்தி செய்து, கல்வத்தில் நாள்கணக்கில் அரைத்து, வில்லை தட்டி, அகலில் வைத்துச் சீலைமண் சுற்றி, வரட்டியில் புடம் போட்டு எடுப்போம். காடைப் புடம், கோழிப் புடம், கஜபுடம் என்று ஒவ்வொன்றுக்கும் வரட்டிக் கணக்கு. ஆறிய பிறகு பிரித்தால் சங்கு பற்பம் வெள்ளைவெளேரென்று இருக்கும். தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும், விரலில் தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும். அதுதான் எங்களுக்குச் சோதனை. பாதரசம் சேர்ந்த செந்தூரத்தை எடுத்துக்கொண்டு போய், ரேகைக்குள் புகுந்துவிட்டது ஐயா, பயமில்லை என்று ஹெல்த் கனடாவிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. 2004இலிருந்து இங்கே இயற்கை மருந்துப் பொருள் விற்க எட்டு இலக்க எண் வாங்கியாக வேண்டும். எண் இல்லாமல் எங்கிருந்தோ வந்த லேகியத்தைச் சாப்பிட்டு ஈயம் ஏறிப் படுத்தவர்கள் உண்டு. ஆள் இல்லாத இடத்தில்தான் போலிகள் வருகிறார்கள் என்பது என் கட்சி. பரீட்சை வையுங்கள், ரசத்தைத் தொடாதே என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், குடிநீரும் சூரணமும் போதும் எனக்கு.

மண்ணும் ஒரு விஷயம். குற்றாலத்துக்கு மூலிகை பார்க்க எங்களைக் கூட்டிப்போனபோது, குணபாடம் எடுத்த சார் சிறுகுறிஞ்சான் இலையைக் கிள்ளி எல்லார் வாயிலும் போட்டு மெல்லச் சொன்னார். பிறகு பையிலிருந்து அல்வாவை எடுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். திருநெல்வேலி அல்வா நாக்கில் மெழுகு மாதிரி வழவழத்தது, இனிப்பே இல்லை. பாதிப் பேர் துப்பிவிட்டார்கள். இலையின் குணத்தை அப்படித்தான் படித்தோம், வாயால். இங்கே மே மாதம் புல்வெளி முழுக்க மஞ்சள் பூ பூக்கிறது. டான்டிலையன், கல்லீரலுக்கு என்கிறார்கள். பிடுங்கிச் சுவைத்தேன், கைப்பு. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஆளில்லை.

ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் பேசினாள். கல்யாணமாகி டொராண்டோ வருகிறாளாம். “அக்கா, அங்க பிராக்டிஸ் பண்ண முடியுமா?” என்றாள். இருப்பதைச் சொன்னேன். பாடத்திட்டம் முழுவதையும் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கிக்கொள், மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி வாங்கு, இங்கிருந்து கேட்டால் மாசக்கணக்கில் இழுக்கும். பயிற்சிக் காலச் சான்றிதழில் மணிக்கணக்கை எழுதச் சொல். என்றைக்காவது ஒரு கதவு திறந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

“என் கல்வத்தக் கொண்டாரட்டா அக்கா? இரும்புக் கல்வம். ஒத்தப் பெட்டி இருவத்து மூணு கிலோதான்.”

கஸ்டம்ஸில் அது என்ன என்று கேட்பார்கள் என்றேன்.

“மொளகு இடிக்கன்னு சொல்லிக்கிடுதேன்” என்றாள். கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.