ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ப்ராசஸர்!

‘‘அப்பா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ப்ராசஸர் மாத்தணும். பத்தாயிரம் வேணும்!’’

திண்டுக்கல்லில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மனுஷர். படிப்புன்னு சொன்னா மறுபேச்சே கிடையாது. சட்டைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்துட்டார். அந்தப் ‘ப்ராஜெக்ட்’டோட பேரு கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்ல இருந்தது 2018-ல் வந்த ரைஸன் 5 2600. நாலு பேர் சேர்ந்து சுட ஆரம்பிச்சா போதும், கேம் திக்கித் திணறும். கிராஃபிக்ஸ் கார்டு மேலதான் எனக்குச் சந்தேகம். ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பார்த்தேன். கார்டு மேல தப்புன்னா, சுமை குறைஞ்சதும் ஃப்ரேம் எகிறணும். ஒண்ணுகூட ஏறலை. ஆக, குற்றவாளி ப்ராசஸர்தான்!

‘‘போர்டையே மாத்திடு மச்சி’’ன்னு ஹாஸ்டல்ல அட்வைஸ் மழை. புது போர்டு, டிடிஆர்5 ராம் எல்லாம் சேர்த்து ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சேன். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறா ஏறினதுல, பட்ஜெட் நாலு மடங்கைத் தொட்டுச்சு. போர்டை மாத்தாமலே போடலாம்னா 5800எக்ஸ்3டி இருக்கு. 96 எம்.பி. கேஷ்! கேஷுன்னா வேற ஒண்ணுமில்லை... அடிக்கடி தேவைப்படுற ஸ்க்ரூடிரைவரை அப்பா மேஜை மேலேயே வெச்சிருப்பார் பாருங்க, அலமாரிக்கு எழுந்து போக வேண்டாம். அதேதான். ஆனா, செகண்ட் ஹேண்டுக்கே பட்ஜெட்டைத் தாண்டிச் சொன்னாங்க. கடைசியில் ரைஸன் 5 5600. பழசுல 16, இதுல 32 எம்.பி.; என் பழைய பி450 போர்டிலேயே உட்காரும்.

ஒரே கண்டிஷன், பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிடணும். நடுவுல கரன்ட் போனா போர்டு காலி. எங்க ஏரியா கரன்ட்டை நம்பி, குலசாமியைக் கும்பிட்டு பட்டனை அழுத்தினேன். அது தப்பிச்சுது.

தப்பிக்காதது என் கை. புதுசைப் பிரிச்சு எடுக்கிறப்போ நழுவிடுச்சு. அடியில 1,331 பின். மூலையில் மூணு சாய்ஞ்சு கிடக்கு. பத்தாயிரம் ரூபாய், அதுவும் பொய் சொல்லி வாங்கினது! எச்சில்கூட முழுங்க முடியலை.

சத்தம் கேட்டு வந்த அப்பா, ஒண்ணும் கேட்கலை. கண்ணுல லென்ஸை மாட்டினார், ட்வீசரை எடுத்தார். இருபது நிமிஷம் வீட்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு பின்னா, முடி அளவு முடி அளவா நிமிர்த்தினார். ‘‘ம்... போட்டுப் பாரு.’’

அழுத்தாமலே உட்கார்ந்துச்சு. ஸ்க்ரீன் வந்தது!

‘‘ஓடுதா?’’

‘‘ஓடுதுப்பா.’’

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்தார். ‘‘எங்க, அந்தத் துப்பாக்கியை எடுத்துச் சுடு பார்ப்போம்!’’

ஃப்ரேம் என்னவோ சும்மா வழுக்கிக்கிட்டுதான் ஓடுச்சு. அந்த ரவுண்டுல முதல்ல செத்தது நான்தான்!