ஆமையின் முன் மண்டியிட்டவர்

பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் வந்திறங்கும் பருவத்தில், நிழற்படக் கருவியைத் தோளில் மாட்டிய அன்பர்கள் பலர் படகு தேடி வருவர். அவர்களைக் காணுந்தோறும் நமக்கு 2004-ஆம் ஆண்டின் இறுதி நாள்களே நினைவுக்கு வரும். ஆழிப்பேரலைக்குப் பின் இங்குள்ள கடலோரக் குப்பங்களுக்கும் படம் எடுப்போர் வந்தனர். இளங்குருவாயிருந்த நாமே அவர்களுக்கு வழிகாட்டினோம். படகும் வலையும் இழந்த ஒரு தாயின் குடிசைக்கு மும்முறை அழைத்துச் சென்றோம். மூன்றாம் முறை அத்தாய், "இன்னும் எத்தினி தபா நான் அழணும் சாமி?" என்று கேட்டார். நமக்கு நாவெழவில்லை.

படம் எடுப்பவரின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை அந்நாளில் நாம் எண்ணியதில்லை. 2025 மே 23 அன்று பாரிஸில் மறைந்த செபஸ்தியாவோ சல்காடோவின் வாழ்வைப் படித்தபோதுதான் எண்ணினோம். (நம் புனிதரின் பெயர்தான், செபஸ்தியார் இல்லாத பங்கு ஏது!) 1944-இல் பிரேசிலில் பிறந்து, பொருளாதாரம் பயின்று, அப்பணியைத் துறந்து நிழற்படக் கலைஞரானவர். 1984-85 சாகேல் பஞ்சம், 1991-இல் குவைத்தில் எரிந்த எண்ணெய்க் கிணறுகள், 1994 ருவாண்டா இனப்படுகொலை யாவற்றையும் கண்டவர். துயரத்தை அழகுபடுத்துகிறார் என அவரைப் பழித்தோர் உண்டு. அப்பழி நமக்கு உடன்பாடன்று. அவர் மக்களோடு நாள் கணக்கில் தங்கியவர். நாம் அழைத்துச் சென்றோரோ அரைமணி நேரமும் நின்றாரில்லை.

ருவாண்டாவுக்குப் பின் அவர் உடல் நலிந்தது. சோதித்த மருத்துவர், உறுப்புகளில் நோயில்லை, கண்ட சாவுகளே உம்மைக் கொல்கின்றன, நிறுத்தும் என்ற கருத்தில் எச்சரித்தாராம். கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தந்தையின் பண்ணைக்குத் திரும்பினார். இளமையில் அவர் கண்ட காடு அழிந்து, நிலம் வறண்டு கிடந்தது. மரம் நடுவோம் என்றவர் துணைவியார் லேலியா. 1998-இல் அதற்கென ஒரு நிறுவனம் கண்டனர். இன்று அங்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டுள்ளன. நீரூற்றும் பறவைகளும் மீண்டன. படம் எடுக்கும் ஆசையும் அவருக்குள் மீண்டது. இம்முறை எந்தப் போரும் அவரை அழைக்கவில்லை, தாமே தெரிந்துகொண்டார். விவிலியத்தின் தொடக்க நூற்பெயரையே அப்பணிக்கு இட்டார்.

2004-இல் முதற்பயணம் கலாபகோஸ் தீவுகளுக்கு. அங்கே ஒரு பேராமை, அவர் அணுகுந்தோறும் விலகிச் சென்றது. கடைசியில் முழங்காலும் உள்ளங்கையும் தரையில் ஊன்றி, ஆமையின் உயரத்துக்குத் தாழ்ந்து, சற்றே பின்வாங்கினார். ஆமை நெருங்கி வந்ததாம். ஒரு படத்துக்கு ஒரு பகல் முழுதும் செலவாயிற்று!

சென்ற மாதம் அத்தாயை ஏரிக்கரையில் கண்டோம். முதுமை வந்துவிட்டது, கூடையில் இறால் வைத்திருந்தார். "ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா அம்மா?" என்று கேட்டோம். நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்த வித்துட்டு வர்றேன். அப்படி குந்து சாமி."

மணலில் அமர்ந்தோம். வெயில் ஏறிற்று, கூடையில் பாதி இன்னும் இருந்தது.